ஆத்தியை அத்தியாக்கிய இணைப்பிதழ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூவேந்தர் பூக்களின் வடிவில் வந்துள்ள புதிய நகைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழ் வெளியிட்ட கட்டுரையில், ‘சோழர் சூடிய அத்திப் பூப் பதக்கம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அத்திப் பூவைக் கண்டவர் யார்? அது காய்க்குள்ளேயே பூத்து மறைவதால்தான் அரிதாக நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். சோழன் என்ன, அத்திக்காயைத் தலையில் கட்டிக்கொண்டா போருக்குப் போனான்?

அவன் சூடியது ஆத்தி. ‘போந்தை வேம்பே ஆரென வரூஉம் மாபெருந் தானையர் மலைந்த பூ’ என்று தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்லும் ‘ஆர்’ அதுதான் என்பது தாங்கள் அறியாததன்று. களத்தில் இன்னார் படை இது என்று தெரிவதற்காகச் சூடிய பூ அது. அதனால்தான் சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தமக்குள் பகைத்து நின்றபோது, உன் கண்ணியும் (தலையில் சூடும் மாலை) ஆத்தி, உன்னோடு பொருகிறவன் கண்ணியும் ஆத்தி, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புலவர் கோவூர்கிழாரால் இடித்துரைக்க முடிந்தது (புறநானூறு, 45). ஆத்திசூடியை ஒருநாளும் ‘அத்திசூடி’ என்று அச்சிடாத தங்களுக்குச் சோழன் விஷயத்தில் மட்டும் நெடில் தீர்ந்துபோனது விந்தைதான்.

புலமை காட்ட இதை எழுதவில்லை. கும்பகோணத்தில் 41 ஆண்டுகளாக நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் நான். சென்ற வாரம் ஓர் அம்மையார் தங்கள் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து, மகள் கல்யாணத்துக்கு அதே பதக்கம் வேண்டும் என்றார். படத்தில் இருந்ததோ அத்தியுமன்று, ஆத்தியுமன்று. பூங்காக்களில் வளர்க்கும் ஊதா மந்தாரை. பிளந்த இலையைப் பார்த்தால் மந்தாரையும் ஆத்தியும் உறவுதான். ஆனால் ஆத்திப் பூ, ஒல்லியான ஐந்து இதழோடு வெளிர்மஞ்சளாகக் கொத்தாகப் பூக்கும் சிறு பூ. தாளில் வரைந்தே காட்டினேன். ‘பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இது முதல் முறையுமன்று. முன்பு சேரரின் பனம்பூவுக்குத் தென்னம்பாளையைப் படமாகப் போட்டீர்கள். அஞ்சலட்டை எழுதினேன், பதில் இல்லை. பாண்டியரின் வேப்பம்பூ என்று தாங்கள் வியந்து எழுதிய மூக்குத்தியில் ஆறு இதழ்கள் இருந்தன. வேம்புக்கு ஐந்துதான். அதன் நடுவில் குழல்போல் நிற்கும் பகுதிக்குத் தனியே தகடு சுருட்டிப் பற்றவைக்க வேண்டும்; ஒருமுறை அதைச் செய்து பார்த்த கை ஆறாவது இதழை வைக்காது. அச்சில் வார்த்து எடுக்கிறவர்களுக்கு ஐந்தானால் என்ன, ஆறானால் என்ன? அந்த மூக்குத்திக்கும் அஞ்சலட்டை போட்டேன். 2019இல் அத்திவரதர் எழுந்தருளியிருந்த 48 நாளும் அத்தி மரத்தின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைக்கு அத்தி எது, ஆத்தி எது என்று ஒரு பத்தன் சொல்லித்தர வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த இணைப்பிதழின் ஏதேனும் ஒரு மூலையில், ‘அத்தி என்பதை ஆத்தி எனத் திருத்தி வாசிக்கவும்’ என்று ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன். அந்த அம்மையாரிடம் காட்டுவதற்கான பிரதியை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.