யாருடைய சந்தை என்று எழுதினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டருக்கு ஐம்பது வயது ஆவதை ஒட்டி, அது நாடகங்களாலும் சுவரில் மாட்டிய படங்களாலும் நாட்டுச் சரித்திரத்தை எப்படிச் சொல்லிவருகிறது என்று நாலு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதைத் தொடங்கிய பார்னி சைமன், மேனி மேனிம், நடிகர் ஜான் கானி எல்லாரும் கட்டுரையில் இருக்கிறார்கள். சந்தோஷம். கட்டடத்துக்கு மட்டும் "நியூடவுனில் இருந்த ஒரு பழைய சந்தை" என்று ஒரே வரி. அது 1913இல் கட்டிய இந்தியப் பழச்சந்தை என்பது தங்களுக்குத் தெரியாதா? வெள்ளைக்காரர்கள் எழுதிய புத்தகங்களிலேயே அப்படித்தான் இருக்கிறது. எழுத மனம் வராமல் போனது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத்தான்.

என் தகப்பனார் அங்கே பழம் எடுத்து, லாரியில் போட்டு, வெள்ளைக்காரர் தெருக்களில் வீடு வீடாக விற்றவர். பள்ளி விடுமுறையில் என்னையும் அழைத்துப் போவார். விடியுமுன்பே போய்விட வேண்டும். ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்காரவைத்துவிட்டு விலை பேசப் போய்விடுவார். தமிழும் குஜராத்தியும் சூலுவும் ஒன்றாகக் கேட்கும். இன்று அதே கூரையின் கீழேதான் நாடகம் நடக்கிறது, டிக்கெட் வாங்கினால் தாங்களும் பார்க்கலாம்.

கட்டுரையாளருக்குச் சரித்திரம் 1976இல் பிறக்கிறது. சோவெட்டோவில் ஜூன் 16 அன்று ஊர்வலம் போன கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைப் போலீசார் சுட்டுக்கொன்ற சில நாட்களிலேயே அந்தத் தியேட்டர் திறந்ததும், நிறம் பார்த்து உட்காரவைக்கும் சட்டத்தை மதிக்காமல் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்ததும் பெரிய காரியங்கள். அதை நான் மறுக்கவில்லை. அதற்கு முன் அந்த மண் சும்மாவா கிடந்தது? 1904இல் பிளேக் வந்தபோது நம்மவர்கள் குடியிருந்த கூலி லொகேஷனை நகரசபை தீ வைத்துக் கொளுத்தியது. அந்த இடத்தில் எழுந்ததுதான் நியூடவுன். தியேட்டரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹமீதியா மசூதி. 1908 ஆகஸ்ட் 16 அன்று அதன் எதிரில்தான், ஆசியர்களைப் பதிவு செய்யும் சட்டத்தை எதிர்த்துக் காந்தி தலைமையில் நம்மவர்கள் தங்கள் பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். அந்தப் போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போன தம்பி நாயுடுவின் பெயர் நாலு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. சரித்திரம் சொல்லும் தியேட்டரைப் பற்றிய கட்டுரையாம்!

1986இல் அங்கே 'சோபியாடவுன்' நாடகம் பார்த்தேன். வெள்ளையர் அரசு ஓர் ஊரையே இடித்து மக்களை லாரியில் ஏற்றிய கதை. எனக்கு அது, இதே நகரில் நாங்கள் குடியிருந்த பேஜ்வியூவாகத் தெரிந்தது. எங்கள் வீட்டையும் அப்படித்தான் விட்டுவிட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லெனேஷியாவுக்கு வந்தோம். அடுத்தவர் ஊரின் கதை எனக்கு எங்கள் தெருவைக் காட்டியது. நம் பத்திரிகை எனக்கு என்ன காட்டுகிறது? சென்னையிலிருந்து ஒரு சினிமாப் பாடகர் வந்து இறங்கினால், அவர் சாப்பிட்ட இட்லி வரைக்கும் வண்ணப்படம்.

போன வருஷம் தெருக்கூத்து பற்றி எழுதியிருந்தேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் வந்த முதல் கப்பலான டிரூரோவுக்குப் பின் வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களில் ஆடி வளர்த்த கூத்து. இன்றும் நேட்டாலில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். விடிய விடிய அரிச்சந்திரன் பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனதை என் ஆயா, அதாவது பாட்டி, சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த நாட்டு நாடகச் சரித்திரத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். கடிதத்தைப் போட்டீர்கள், நன்றி. பாதியை வெட்டிப் போட்டீர்கள். வெட்டிய பாதியோடு ஆயாவும் போய்விட்டார்.

காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போன வள்ளியம்மை விஷயமும் அப்படியே. அவர் தில்லையாடியில் பிறந்ததாக ஒருமுறை அச்சிட்டீர்கள். அது பெற்றோரின் ஊர், அவர் பிறந்தது இதே ஜோகன்னஸ்பர்க்கில் என்று எழுதினேன். இங்கே பிராம்ஃபான்டைனில் இருக்கும் அவர் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருகிறவள் என்பதால் எழுதினேன். திருத்தம் இன்றுவரை வரவில்லை. பெரிய பத்திரிகைகளுக்கு ஆயிரம் வேலை, புரிகிறது.

என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான்தான் உரக்க வாசித்துக் காட்டுகிறேன். "ஒரு பழைய சந்தை" என்று வாசித்தபோது பெரியவன், "எந்தச் சந்தை, ஆயா?" என்று கேட்டான். பதிலை நான் சொல்லிவிட்டேன். தாங்கள் சொல்லியிருக்க வேண்டியது.

அடுத்த இதழில் ஓர் ஓரமாக, 1913, இந்தியப் பழச்சந்தை என்று ஒரு வரி போடுங்கள், போதும். அந்தச் சந்தையில் எடுத்த பழைய படங்கள் வாசகர்களிடம் இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். என் தகப்பனார் பெட்டிகளோடு நிற்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன், யாரையாவது வீட்டுக்கு அனுப்பி என் கண் முன்னால் நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூத்துக் கடிதத்தோடு அனுப்பிய படம் இன்னும் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
லெனேஷியா