அந்த வாளியை எடுத்துப்போன ஐயாவுக்கும், வந்து நின்ற எல்லோருக்கும்

வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்து இன்றோடு 23 நாள். நேற்று ராத்திரிதான் பட்டறை அறையில் கடைசிப் பலகையைச் சுவரில் மாட்டினேன். மாட்டிய பிறகும் விளக்கை அணைக்க மனசு வரவில்லை, ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். என்ன ஆச்சு, எவ்வளவு போச்சு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நன்றி சொல்லாமல் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

வேலை மேசையை நாலு பேராகத் தூக்கிப் படிக்கட்டுக்கு மேலே ஏற்றியவர்கள், இரண்டு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு "மெதுவா திருப்பித் தாங்க" என்று சொல்லிப்போன எதிர்வீட்டு அக்கா, நனைந்த டிரில்லை நான் பிளக்கில் செருகப்போனபோது ஓடிவந்து கையைப் பிடித்த தம்பி (அதைக் கழற்றி, பல நாள் காயவைத்து, பழைய கிரீஸை வழித்துப் புதுசு போட்டு அவனே ஓடவைத்தும் கொடுத்தான்), தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கலாம் என்று சொல்லி நாலையும் முதலில் வீட்டைவிட்டு வெளியே எடுத்துவைத்தவர், ஊறி உப்பிப்போன எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அலமாரியை உடைத்து அள்ளிய பிள்ளைகள். உங்கள் ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் இந்த மடலில் பெரும்பகுதியை ஒரு வாளிக்குத் தரப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பத்து வருஷமாகச் சேர்த்த ஸ்க்ரூ, போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளில் இருந்தன. அட்டை கரைந்துவிட்டது. தரையில் சேற்றோடு கிடந்ததை மண்வாரியால் அள்ளித்தான் அந்த வாளியில் போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னார்கள், நானும் அதற்காகத்தான் வாசலில் வைத்திருந்தேன். அப்போதுதான் பின்வீட்டு ஐயா வந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐயா அதற்கு முன் இரண்டு முறை என் வீட்டுக்கு வந்திருக்கிறார், இரண்டு முறையும் மத்தியானத்தில் கிரைண்டர் சத்தத்தை நிறுத்தச் சொல்லத்தான். அவர் வீட்டு அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கம் கிடையாது, பகலில்தான் கொஞ்சம் கண் அசருவார். இரண்டாவது முறை நான் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அதனால் அன்றைக்கு அவரைப் பார்த்ததும் மூன்றாவது புகார் என்றுதான் நினைத்தேன். அவர் வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, சேற்றை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றார். பழைய இரும்புக்குப் போடக் கேட்கிறார் போல என்று நினைத்து, சரி என்றேன்.

ஆறு நாள் கழித்து ஒரு தள்ளுவண்டியில் 14 கண்ணாடிக் குப்பிகளோடு வந்து நின்றார். அவர் முப்பது வருஷத்துக்கும் மேல் லேத்தில் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷினில்) நின்றவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதலில் கழுவிக் காயவைத்திருக்கிறார். அப்புறம் காந்தம் காட்டிப் பித்தளையைத் தனியாக எடுத்திருக்கிறார். துருப்பிடித்த வெறும் இரும்பை மட்டும் ஒரு ராத்திரி வினிகரில் ஊறவைத்து, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, மெஷின் எண்ணெய் தடவியிருக்கிறார். துத்தநாகப் பூச்சு உள்ளதை வினிகர் பக்கமே விடவில்லை, பூச்சு கரைந்துவிடுமாம். பிறகு ஒவ்வொன்றாக வெர்னியர் அளவுகோலில் அளந்து, மரையைப் பார்த்து, எம் 4, எம் 5, எம் 6, எம் 8 என்று மில்லிமீட்டர் விட்டப்படி பிரித்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக! கிட்டத்தட்ட ஒரு வாளி!

ஒரு குப்பியைத் தனியாக நீட்டினார். "இதெல்லாம் கால் இஞ்ச்சும்மா. நீ எம் 6 கூடவே போட்டு வெச்சிருந்தே." பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். எம் 6-க்கு விட்டம் 6 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. கால் இஞ்ச் போல்ட்டுக்கு விட்டம் 6.35, சாதாரணமாகக் கிடைப்பதில் இஞ்ச்சுக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27. கால் இஞ்ச் நட்டை எம் 6 போல்ட்டில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று சும்மா போகும், அப்புறம் இறுகிக்கொள்ளும். என் அறுக்கும் மேசையில் மரத்தை நேராக ஒட்டித் தள்ள வைக்கும் வேலிக்கட்டை ஏன் எப்போதும் பாதியில் சிக்கிக்கொண்டது, எத்தனை போல்ட்டின் மரையை ஸ்பேனர் போட்டுத் திருகி நாசம் செய்தேன் என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கியது. இத்தனை வருஷமாக இரும்பு மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குப்பிகளில் எழுத்தே இல்லை. ஒவ்வொரு மூடியின் மேலும் உள்ளே இருப்பதில் ஒன்றை நிற்கவைத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார், கூடவே அதற்குப் பொருந்தும் நட்டு. ஏன் ஐயா, சீட்டு ஒட்டலாமே என்று கேட்டேன். "உன் பெட்டியில எழுதியிருந்ததெல்லாம் தண்ணியில போயிடுச்சே, பார்த்தேன். இது போகாது" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

பதினாலாவது குப்பி மூடியில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. "இதெல்லாம் எதுக்குன்னு எனக்குப் பிடிபடலை. உனக்குத் தெரியும், அதான் போடலை." உள்ளே 41 உருப்படி இருந்தது, உட்கார்ந்து எண்ணினேன். அதில் ஒரு முனை வளைந்த சின்ன ஸ்பிரிங் தகரம் வெட்டும் கத்தரியுடையது. அது தொலைந்ததிலிருந்து அந்தக் கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு கையாலும் பிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது பிடியைவிட்டதும் தானாக விரிகிறது.

அறையைத் திரும்ப அடுக்கியது முழுக்க அந்தக் குப்பிகளை நடுவில் வைத்துத்தான். முன்பெல்லாம் அலமாரியை முதலில் செய்துவிட்டுச் சாமானை அதற்குள் திணிப்பேன். இந்த முறை என்னிடம் என்னதான் இருக்கிறது என்று தரையில் துணி விரித்துப் பரப்பி, அடிக்கடி கைக்கு வருவது, எப்போதாவது வருவது என்று பிரித்த பிறகுதான் மரத்தில் கைவைத்தேன். மேசை உயரத்தை, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டு மட்டத்துக்கு வைத்தேன். முதுகு இப்போதே நன்றி சொல்கிறது. சுவரில் 45 பாகையில் சாய்வாக அறுத்த சட்டங்களை அடித்து, அதே சாய்வில் அறுத்த கொக்கிப்பட்டையைப் பலகைகளின் முதுகில் வைத்திருக்கிறேன். தூக்கினால் கையோடு வந்துவிடும், மறுபடி வேறு இடத்தில் மாட்டலாம். தண்ணீர் வந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிடலாம் என்பதும் ஒரு காரணம். உளி, மூலைமட்டம், ரசமட்டம், குறடு எல்லாவற்றுக்கும் பலகையில் உருவம் வரைந்தது எதிர்வீட்டுப் பிள்ளைகள். எது இடத்தில் இல்லை என்று வாசலிலிருந்தே தெரிகிறது. தரையிலிருந்து இரண்டடிக்குக் கீழே எதுவும் கிடையாது, சாமானை இறுக்கிப் பிடிக்கும் கனமான வைஸ்கூட.

ஐயா அன்றைக்குக் கிளம்பும்போது இன்னொன்றும் செய்தார். மூலையில் நான் சுருட்டிப் போட்டிருந்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகளை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பிரித்து, வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துப் போட்டார். சுருட்டி வைத்தால் அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். எனக்குத் தெரிந்த விஷயம்தான், களைப்பில் மறந்துவிட்டேன். தண்ணீரில் தப்பிய அறை தீயில் போயிருக்கலாம்.

ஐயா, இது உங்களுக்கு. மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை இந்த அறையில் இனி எந்த மெஷினும் ஓடாது. அந்த நேரத்தில் கையால் இழைப்பேன், அளப்பேன், குறி போடுவேன், குப்பிகளை அடுக்குவேன். வேலை இல்லாத நாளில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி பத்து மணிக்கு ஒரே ஒரு எம் 5 நட்டு வேண்டுமென்றாலும் தயங்காமல் வந்து கதவைத் தட்டுங்கள், எந்தக் குப்பி என்று மூடியைப் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். கருவி இரவல் கேட்டால் இதற்கு முன் நான் யோசித்திருக்கிறேன், இனி யோசிக்க மாட்டேன்.

பதினாலாவது குப்பியில் இன்னும் 38 இருக்கிறது. ஐயா, உங்கள் வீட்டு ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுகிறது என்றீர்களே, நாளைக்கு நாலு மணிக்கு மேல் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.