பெட்டி ஒன்று, சிப் வேறு

அன்புள்ள முருகேசா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பத்தாவது பரீட்சை நெருங்குகிறது. அதனால் வீட்டில் டிவி போடாமலே மூன்று மாதம் ஆகிறது.

சரி, உன் லேப்டாப் விஷயம். டெபியன் என்கிற லினக்ஸைப் போட்டதும் எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் கண்ணிலேயே படவில்லை என்று எழுதியிருக்கிறாய். கார்டு கெட்டுப்போயிருக்கும் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என் சேர்த்து (lspci -nn) அடி. நெட்வொர்க் என்று வரும் வரியில், சதுர அடைப்புக்குள் ஒரு கோலனும் அதன் இரண்டு பக்கமும் நான்கு நான்கு எழுத்துகளும் இருக்கும். முதல் நான்கு, சிப்பைச் செய்த கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 168சி ஏத்தரோஸ், 14இ4 பிராட்காம். அடுத்த நான்கு, எந்தச் சிப் என்பது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இந்த எண்ணை வைத்துத்தான் சிப்பை ஓட்டும் நிரலை, அதாவது டிரைவரை, தேடுகிறது. மேலே ஒட்டியிருக்கும் பெயர் அதற்குத் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என்னிடம் ஏத்தரோஸின் ஏஆர்9271 சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை ஒன்று இருக்கிறது. செருகினால் போதும், லினக்ஸில் உடனே ஓடும். மச்சான் கேட்டார் என்று அதே மாடலை வாங்கிக் கொடுத்தேன். அதே பெட்டி, அதே படம். செருகினால் விளக்குகூட எரியவில்லை. திருப்பிப் பார்த்தால், ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் 'வி2'. உள்ளே வேறு கம்பெனியின் சிப். இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து டிரைவரைக் கம்பைல் செய்து ஓட வைத்தேன். அடுத்த கர்னல் அப்டேட்டில் மறுபடி நின்றுவிட்டது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன சிப் என்று பெட்டி மேலேயே சொல்ல வேண்டாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பழைய சிப் சுலபமாக ஓடுவதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது, முருகேசா. ஏத்தரோஸ் சிப்புகளுக்கு ஆவணமே கிடைக்காத காலத்தில், லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியின் ரெய்க் ஃப்ளோட்டர் சிப் நடந்துகொள்வதைப் பார்த்துப் பார்த்தே டிரைவர் எழுதினார். லினக்ஸின் ஏத்5கே டிரைவர் அதிலிருந்து வளர்ந்ததுதான். 2008-ல் ஏத்தரோஸே ஏத்9கே டிரைவரைத் திறந்த மூலமாக, யாரும் படித்து மாற்றும்படி, வெளியிட்டது. 2010-ல் பிராட்காமும் தன் புதிய சிப்புகள் சிலவற்றுக்கு அப்படியே செய்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் கண் விழித்து எழுதியதில்தான் நம் வீட்டு லேப்டாப் இன்று பேசுகிறது. அதை நினைக்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றுகிறது.

அப்புறம், நீ போட்டது டெபியன் 11-ஆ, அதற்குப் பிந்தியதா? 2023-ல் வந்த 12-லிருந்துதான், சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரலான ஃபர்ம்வேரும் டெபியனின் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலருடனேயே வருகிறது. அதற்கு முன்னால் அதைத் தனியாகத் தேடிப் பென்டிரைவில் கொண்டுவர வேண்டும். உன்னுடையது 11 என்றால் கோளாறு அநேகமாக இதுதான். அது சரியாகும்வரை போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, போனின் இன்டர்நெட்டையே லேப்டாப்பில் பயன்படுத்திக்கொள்.

என் ஏஆர்9271-ஐ நாளைக்குக் கூரியரில் அனுப்புகிறேன். உன் கார்டு சரியாகும்வரை வைத்துக்கொள். அந்த எட்டு எழுத்தையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சுந்தரம்