காற்று இழுக்கும் இடம்

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கதையின் முடிவை ஐந்து தடவை மாற்றி எழுதியும் சரியாக வரவில்லை என்று சொன்னாய் அல்லவா, போனில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்புறம் கதையை இன்னொரு முறை நிதானமாகப் படித்தேன்.

கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை, பழுது பார்க்க வா என்று ஆள் வந்து என்னைக் கூப்பிடும்போது மோட்டார் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். குழாய் வாயில் நாலு சொட்டு, அப்புறம் வெறும் காற்று. பார்க்கிறவர்களுக்குக் கோளாறு மோட்டாரில்தான் என்று தோன்றும். பல நேரம் அது கீழே, தண்ணீருக்குள் கிடக்கிற ஃபுட் வால்வில் இருக்கும்; பைப்பில் ஏறின தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்து நிறுத்துகிற வாய் அது. வாஷர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் குச்சி சிக்கி வாய் மூடாமல் நிற்கும். மோட்டார் போடுவதற்கு முன்னால் பைப்பை நிரப்ப ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்த வழியே இறங்கிவிடும். அவசரத்துக்குச் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள். ஓட்டை அடைபட்டு அன்றைக்குத் தண்ணீர் பாயும். மறுநாள் காலையில் திரும்பவும் கரைக்க வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், பெரம்பலூர் பக்கம் ஒருவர் கிணற்றில் நான் மேலோடு பார்த்து, ஜாயிண்டுக்கெல்லாம் நூல் சுற்றிக் கூலியும் வாங்கி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் விடிகாலையில் வாசலில் வந்து நின்றார். போய்ப் பார்த்தால் சின்ன வெங்காயத்தின் தாளெல்லாம் துவண்டு கிடந்தது. பைப்பை மேலே ஏற்றினால், வால்வின் தோல் வாஷரில் விரல் நுழைகிற கிழிசல். அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உன் கதையில் பாட்டி கிணற்றுக் காட்டை விற்கிறாள். ஏன் விற்கிறாள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மழை பெய்கிறது, குருவி கத்துகிறது, அடுத்த பத்தியில் பத்திரம் முடிந்துவிடுகிறது. அங்கேதான் காற்று இழுக்கிறது பாப்பா. காரணம் உனக்குத் தெரியவில்லை, நல்ல வரிகளைப் போட்டு மூடியிருக்கிறாய். முடிவு எப்படி ஏறி வரும்?

உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சிட்டது 1889-இல். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற பூக்களில் சில பெயர்கள் ஏட்டில் விட்டுப்போயிருந்தன. உ.வே.சா.வின் புலமைக்கு, தானே மூன்று பூவைப் போட்டு அடியை நிரப்பியிருக்கலாம். செய்யவில்லை. தேடினார். தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அது கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

நானும் உன் சித்தப்பாவும் பத்து வருடமாகப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக்கொடுத்தே காலத்தை ஓட்டினோம். கேட்க வேண்டிய ஒன்றை இரண்டு பேருமே கேட்கவில்லை. அதுவும் சாணி கரைத்து ஊற்றிய வேலைதான். கேட்காமல் விட்டதும் இந்தக் காட்டு விஷயம்தான்.

கதையில் வரும் பாட்டி என் அம்மா என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. காட்டை ஏன் விற்றாள் என்று எனக்கும் பாதிதான் தெரியும். மீதி உன் அத்தைக்குத் தெரியும். சித்திரை விடுமுறைக்கு வரும்போது முடிவையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு வா. இரண்டு பேரும் போய்க் கேட்போம். அத்தைக்கு இப்போது வலது காது மந்தம். நீ இடது பக்கமாக உட்கார்ந்துகொள்.

அன்புடன்,
அப்பா