வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பியவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்தது பற்றிய புகார்

பயணப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: பரியா கேன்யன் நான்கு நாள் நடைப்பயணம், பாதியில் திரும்பிய மூவரின் கட்டணம்

வணக்கம்.

சென்ற செப்டம்பரில் உங்கள் நிறுவனம் மூலமாக யூட்டா, அரிசோனா எல்லையில் உள்ள பரியா கேன்யன் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்த எட்டுப் பேரில் நாங்கள் மூவர்: நான், என் அண்ணன், என் மகள். ஆளுக்கு 780 டாலர் கட்டியிருந்தோம். இரண்டாம் நாள் காலையிலேயே திரும்பிவிட்டோம். பணத்தைக் கேட்டதற்கு, நாங்களாக விலகிக்கொண்டதால் தர இயலாது என்றும், மற்ற ஐவரும் பத்திரமாகப் பயணத்தை முடித்தார்கள் என்றும் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

அண்ணன் கோவைப் பக்கத்து விவசாயி. ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழிலேயே வழிகாட்டுவோம் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் அவரையும் கூட்டி வந்தேன்.

நெடுஞ்சாலை 89-இல் உள்ள அரசு நில நிர்வாகத் துறையின் தகவல் நிலையத்தில் முதல் நாள் காலை வண்டியை நிறுத்தினோம். மறுநாள் திடீர் வெள்ளத்துக்கு வாய்ப்பு உண்டு என்று அங்கே பலகையில் எழுதியிருந்தது. உங்கள் வழிகாட்டியிடம் காட்டினேன். "இந்த சீசன்ல தினமும் இப்படித்தான் சார் எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். எங்கள் கார்களை ஏற்கெனவே பயணம் முடியும் லீஸ் ஃபெரியில் விட்டாகிவிட்டது. நடைபாதை தொடங்கும் வைட் ஹவுஸில் இறங்கி நடக்க ஆரம்பித்தோம்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வழியெல்லாம் ஊற்று இருக்கிறது, ஆளுக்கு நான்கு லிட்டர் போதும் என்று உங்கள் குறிப்பில் இருந்தது. ஆனால் நம்பகமான ஊற்றுகள் பக்ஸ்கின் கல்ச் என்ற குறுகிய கிளைப் பள்ளத்தாக்கு வந்து சேரும் சங்கமத்தைத் தாண்டிக் கீழேதான் இருக்கின்றன. முதல் இரவு எங்களுக்குக் கிடைத்தது ஆற்றின் செஞ்சேறு மட்டும். ஒன்பது பேருக்கு நீங்கள் கொடுத்திருந்த ஒரே வடிகட்டி இரண்டாவது பாட்டிலிலேயே அடைத்துக்கொண்டது. ஊரில் என்றால் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்போம் என்று சொல்லிக்கொண்டே, அண்ணன் தன் துண்டை நான்காக மடித்துத் தண்ணீரை வடித்து, மடக்கு வாளியில் இரவு முழுக்க அசையாமல் வைத்தார். காலையில் வாளியின் அடியில் இரண்டு விரற்கடை வண்டல். மேலே தெளிந்ததைக் காய்ச்சித்தான் எல்லோரும் குடித்தோம், உங்கள் வழிகாட்டி உட்பட. மலத்தைப் பையில் கட்டி வெளியே எடுத்து வர வேண்டும் என்பது அங்கே விதி. அதற்கான பைகளும் போதவில்லை.

நாங்கள் திரும்பியதற்குக் காரணம் வேறு. முதல் நாள் சாயங்காலம் பக்ஸ்கினுக்குள் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தோம். இரண்டு கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற அளவு குறுகிய இடங்கள். தலைக்கு மேலே, மூன்று ஆள் உயரத்துக்கும் அதிகமான இடத்தில், பட்டை உரிந்த முழு மரம் ஒன்று இரண்டு சுவருக்கும் நடுவே குறுக்காகச் சிக்கியிருந்தது. அதன் முனையில் காய்ந்த புல்லும் சேறும் அப்பியிருந்தன. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, அந்தக் கட்டை எப்படி அங்க போச்சு?" என்று வழிகாட்டியைக் கேட்டார். அது ரொம்ப காலமாக அங்கேதான் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுநாள் காலை அதே இடுக்கில் அரைநாள் நடப்பது உங்கள் திட்டம். பக்ஸ்கின் 20 கிலோமீட்டருக்கு மேல் நீள்வது. நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் தொற்றி மேலேறலாம், அதுவும் சுலபமில்லை.

விடிந்ததும் அண்ணன் உள்ளே வர மறுத்துவிட்டார். "மேக்கால மழை பேஞ்சா, இங்க வெயிலடிக்கும்போதே காட்டாறு வந்துரும்" என்றார். காட்டாறு பார்த்து வளர்ந்தவர். வழிகாட்டி வானத்தைக் காட்டி, எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றார். பக்ஸ்கினுக்குத் தண்ணீர் மேற்கே உள்ள மேட்டு நிலங்களிலிருந்தும், பரியா ஆற்றுக்கு வடக்கே ப்ரைஸ் கேன்யன் பக்கத்திலிருந்தும் வருகிறது. அங்கே பெய்கிற மழை எங்கள் தலைக்கு மேல் தெரியாது. பேஜ் ஊருக்குப் பக்கத்தில் ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் இறந்ததும் இப்படித்தான். பல மைல் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாக வந்து அடித்துக்கொண்டு போனது. அந்தப் பகுதியில் தொழில் செய்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

கூட வந்த இளைஞர் ஒருவருக்கும் உள்ளே போகப் பயம்தான். "இவ்வளவு பணம் கட்டிட்டு எப்படி அங்கிள் திரும்புறது" என்று கேட்டார். என்னை இன்றுவரை உறுத்துவது அந்தப் பேச்சுதான். திரும்பினால் பணம் போச்சு என்று நீங்கள் போட்டிருக்கும் நிபந்தனைதான் அவரை உள்ளே அனுப்பியது.

நாங்கள் மூவரும் வந்த வழியே சுமார் 11 கிலோமீட்டர் நடந்து வைட் ஹவுஸ் சேர்ந்தோம். அங்கிருந்து திரும்ப ஒரு வண்டி ஏற்பாடு செய்யும்படி உங்கள் அலுவலகத்திடம் கேட்டதற்கு, அது எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அங்கே கூடாரம் போட்டிருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பம்தான் எங்களைப் பேஜில் கொண்டு வந்து விட்டது. அன்று சாயங்காலம் வடக்கே இடி இடித்துக்கொண்டே இருந்தது. என் மகள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அந்த ஐவரும் நல்லபடியாக வந்து சேர்ந்ததில் எங்களுக்கு நிம்மதி. ஆனால் அதை உங்கள் திட்டம் சரி என்பதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள். அன்றைக்கு வெள்ளம் அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாளுக்கான பங்கைக் கழித்துக்கொண்டு, மூவருக்கும் மீதி 1,755 டாலரை 15 நாட்களுக்குள் திருப்பித் தரக் கேட்கிறேன். அதைவிட முக்கியமாக, வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் யார் திரும்பினாலும் பணமும், திரும்பி வர வண்டியும் உண்டு என்று நிபந்தனையை மாற்றுங்கள். ஊற்றுகள் பற்றிய குறிப்பைத் திருத்துங்கள். வடிகட்டிகளைக் கூட்டுங்கள். அடுத்த பயணம் ஆகஸ்டில் என்று அறிவித்திருக்கிறீர்கள். மழைக்காலத்தின் நடுவில் வருகிற மாதம் அது. இதையெல்லாம் செய்யாமல் யாரையும் அந்த இடுக்குக்குள் அழைத்துப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சாண்ட்லர், அரிசோனா