எடை சென்சார், லோரா: ஞாயிறு மார்த்தாண்டத்தில் கூடுகிறோம்

வணக்கம் மக்களே,

நியூரம்பெர்க்கில் ஆண்டுதோறும் நடக்கும் எம்பெடட் வேர்ல்ட், முனிச்சில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் எலக்ட்ரானிகா ஆகிய மின்னணுக் கண்காட்சிகளின் வீடியோக்களைப் பலரும் இங்கே போடுகிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். அங்கே பார்ப்பதில் நம் ஊருக்கு எது ஆகும் என்றுதான் இந்த ஞாயிறு பேசப்போகிறோம்.

என் மனதில் இருப்பது தேன்பெட்டி. ரப்பர் மரம் புதுத் துளிர் விடும்போது அதில் சுரக்கும் தேனைத் தேனீ கொண்டுவந்து சேர்க்கும், பெட்டியின் எடை ஏறும். பெட்டிக்கு அடியில் எடையை உணரும் ஒரு லோட் செல், அதோடு அதன் சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 என்ற 24 பிட் சிப், அந்த எண்ணைப் படிக்கும் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சிப். இவ்வளவு போதும், பெட்டியைத் திறந்து தேனீயைக் கலைக்காமலே தேன் சேருவது தெரியும். பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ688 சென்சார் 3 மில்லிமீட்டர் சதுரம்தான். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், வாயு நான்கையும் அளக்கும். குளச்சல் பக்கத்துத் தம்பிமார் மீன் கெடுவதைக் கண்டுபிடிக்க இதை முயன்று பார்க்கலாம்.

ஒரு முக்கியமான விஷயம். சென்சார் அளவைக் குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்கு அனுப்பும் ரேடியோதான் லோரா. அதன் மாட்யூல் வாங்குகிறவர்கள் அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் லோராவுக்குப் பயன்படுத்துவது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். விலை குறைவு என்று 915 வாங்கிவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்துக்குள் சிக்னல் நன்றாகவே குறையும், ஆன்டெனாவை உயரத்தில் கட்ட வேண்டும். கடலோரத்தில் வைப்பவர்கள் போர்டுக்கு ஈரம் புகாத பாதுகாப்புக் கோட்டிங் அடிக்காமல் வைக்கவே வேண்டாம், உப்புக்காற்று செம்பை அரித்துவிடும்.

காலை 10 மணிக்கு வழக்கமான இடம். கையில் இருக்கும் போர்டு, சென்சார் எதுவானாலும் கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பெயர் போடுங்கள், சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.