பள்ளிச் சுவரில் எந்தச் சுறா? தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு சுவர் ஓவியனின் திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கிற பெற்றோருக்கும் வணக்கம்.

நான் பாலக்கோட்டுக்காரன். பள்ளிச் சுவர்களில் படம் வரைவது தொழில். கோடை விடுமுறை வந்துவிட்டால் திருவள்ளுவர், மனித இதயம், சூரியக் குடும்பம், தமிழ்நாடு வரைபடம் என்று வகுப்பறை வகுப்பறையாக ஏணியை இழுத்துக்கொண்டு போகிறவன். சில வருடங்களாகக் "கடல்வாழ் உயிரினங்கள்" என்று ஒரு சுவர் தவறாமல் கேட்கிறீர்கள். அதில் சுறா கட்டாயம். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் செல்போனை நீட்டி நீங்கள் காட்டுகிற படம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒன்றாகவே இருக்கிறது: வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிற வெள்ளைச் சுறா. ஹாலிவுட் போஸ்டர் வழியாக நம் ஊருக்கு வந்த சுறா அது. அதை இறக்கிவிட்டு வேறு சுறாக்களை ஏற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெள்ளைச் சுறாமேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அருமையான உயிர். ஆனால் தென்னாப்பிரிக்கா, தென் ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா போலத் தண்ணீர் குளிர்ந்திருக்கும் கரைகளில்தான் அதற்குப் புழக்கம். வங்கக் கடலில் வலை போடுகிறவர்கள் கண்ணில் அது படுவது மிக அரிது. யானையை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டியிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு பள்ளிச் சுவரில், தோளை மூடுகிற பெரிய காதோடு ஆப்பிரிக்க யானையை வரைந்து வைத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். ராகிக் கொல்லையில் இறங்குகிற யானையை அது நேரில் பார்த்திருக்கிறது. சுறா விஷயத்தில் அப்படிச் சிரிக்க இங்கே ஆள் இல்லை. கடலுக்கும் நமக்கும் நடுவே இரண்டு மாவட்டம் கிடப்பதால் எதை வரைந்தாலும் செல்லுபடியாகிறது. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறைமேல் வெள்ளை நிறத்தில் குதிரைக்காரனை வரைந்துவிட்டுப் போனவனுக்குப் போஸ்டர் பார்க்கும் வாய்ப்பு இல்லை. கண்ணால் பார்த்ததை வரைந்தான். எனக்கு அந்த ஆள்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

இதுவரை அறியப்பட்ட சுறா இனங்கள் 500க்கும் மேல். பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதற்காக இந்த எண்ணைச் சொல்லவில்லை. அதற்குள் எத்தனை உருவம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கொலம்பியா, வெனிசுவேலாக் கரைகளை ஒட்டிய ஆழத்தில் ஒரு குட்டை விளக்குச் சுறா இருக்கிறது. முழுதாக வளர்ந்தாலே 20 சென்டிமீட்டர் சுமார்தான்; உங்கள் மேசையில் கிடக்கும் அடிக்கோலுக்குள் அடங்கிவிடும். இருட்டில் அதன் உடம்பு ஒளிரும். மறுகோடியில் திமிங்கிலச் சுறா, மீன்களிலேயே பெரியது, 18 மீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. கிரீன்லாந்துச் சுறாக்களின் கண் வில்லையை ஆராய்ந்து 2016இல் ஒரு கணக்கு வெளியானது: அவற்றில் பெரியதன் வயது எவ்வளவு குறைத்துப் பார்த்தாலும் 272. அப்படியென்றால் கிருஷ்ணகிரிக் கோட்டைக்காக ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயரும் மோதிய காலத்தில் பிறந்த ஒன்று இன்றும் வட அட்லாண்டிக்கில் மெதுவாக நீந்திக்கொண்டிருக்கலாம். கொம்பன் சுறாவுக்குப் பக்கவாட்டில் நீண்ட தலையின் இரு முனையிலும் கண். சாட்டைவால் சுறா, தன் உடம்பளவுக்கு நீண்ட வாலைச் சுழற்றி மீன் கூட்டத்தை அடித்து மயக்கித் தின்னும். ஆஸ்திரேலியப் பவளத் திட்டுகளில் ஒரு சிறு சுறா, கடல் வற்றும் நேரத்தில் துடுப்பை ஊன்றி நடந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். இவற்றில் எதையும் நீங்கள் என்னிடம் கேட்டதே இல்லை.

போஸ்டர் சுறாவையாவது சரியாக வரைகிறார்களா என்றால் அதுவும் கிடையாது. நம் மாவட்டச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பல இடத்தில் சுறாவுக்கு டால்ஃபின் வாலைப் படுக்கைவாட்டில் ஒட்டியிருக்கிறார்கள். சுறாவின் வால் நிமிர்ந்து நிற்கும். பெரும்பாலான இனங்களில் மேல் பாதி கீழ்ப் பாதியைவிட நீளம். கெண்டை மீனுக்கு வருகிற செவுள் மூடி சுறாவுக்குக் கிடையாது. பக்கத்துக்கு ஐந்து பிளவு; ஆழ்கடலில் உள்ள சில பழைய இனங்களுக்கு மட்டும் ஆறு அல்லது ஏழு. மேலே இருட்டு நிறம், அடியில் வெளுப்பு: மேலிருந்து பார்த்தால் ஆழத்தோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்து மறைந்துவிடுகிற ஏற்பாடு. இதைத் தலைகீழாகப் போட்ட சுவரும் உண்டு.

மீன் என்றதும் அடுக்கடுக்காகச் செதில் போட்டுவிடுகிறார்கள், அதுதான் பெரிய பிழை. சுறாவின் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள். வாயில் இருக்கும் பல்லுக்கு உள்ள அதே அமைப்பு. தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுவழு. எதிர்ப்பக்கம் தடவினால் கையைச் சிராய்க்கும். உப்புத்தாள் வருவதற்கு முன்பு பல நாடுகளில் மரவேலை செய்தவர்கள் சுறாத் தோலை வைத்துத்தான் மரத்தைத் தேய்த்து மெருகேற்றினார்கள். சுவர் தேய்த்துத் தேய்த்தே கை காய்த்துப்போன எனக்கு இந்தச் செய்தி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

வேலைக்கு நடுவே பிள்ளைகள் வந்து ஏணிக்குக் கீழே நின்று, "உங்களுக்குப் பிடிச்ச சுறா எது அண்ணா?" என்று கேட்பதுண்டு. எனக்கு யோசனையே தேவையில்லை. வரிக்குதிரைச் சுறா. மன்னார் வளைகுடா உட்பட இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் உள்ளது. குட்டியாக இருக்கும்போது கருத்த உடம்பில் வெளுத்த பட்டைகள். வளர வளரப் பட்டைகள் உடைந்து கரைந்து, மணல் நிற உடம்பில் பழுப்புப் புள்ளிகளாகிவிடும். முற்காலத்து அறிஞர்கள் குட்டியையும் தாயையும் வெவ்வேறு இனம் என்றே எழுதிவைத்தார்கள். வால் கிட்டத்தட்ட மொத்த நீளத்தில் பாதி. முதுகிலும் பக்கங்களிலும் நீளவாட்டில் மேடுகள் ஓடும். நிறம் தொட்டு வரைகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பகலில் மணல்மேல் அசையாமல் படுத்திருக்கும். சுறா என்றால் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் செத்துவிடும் என்று நம் சார்கள் சொல்லித் தருகிறார்களே, அது எல்லாச் சுறாவுக்கும் பொருந்தாது. இது படுத்த இடத்திலிருந்தே வாயால் தண்ணீரை இழுத்துச் செவுள் வழியே விட்டுக்கொள்ளும். தின்பது நத்தை, சிப்பி, நண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரத்து மீன் காட்சியகத்தில் லியோனி என்று ஒரு வரிக்குதிரைச் சுறா. ஆண் சுறாவோடு சேர்ந்து குஞ்சுகள் கண்டது. 2012இல் இரண்டையும் பிரித்து வைத்தார்கள். 2016இல், ஆண் துணையே இல்லாமல், லியோனி இட்ட முட்டைகள் பொரிந்தன. மரபணுவைச் சோதித்தபோது குஞ்சுகளுக்கு அப்பனே கிடையாது, முழுக்கத் தாய்வழிதான் என்று தெரிந்தது. அழியும் ஆபத்தில் உள்ள இந்த இனத்துக்காக இப்போது வேறொரு வேலையும் நடக்கிறது. காட்சியகங்களில் இட்ட முட்டைகளை விமானத்தில் இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுகளுக்கு அனுப்பி, அங்கே பொரித்து வளர்த்து, 2023 முதல் கடலில் விடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை.

"பல்லு தெரியாட்டி பசங்க பார்க்க மாட்டாங்க" என்று ஒரு சார் சொன்னார். பார்ப்பார்கள். பயம் காட்டித்தான் பார்க்க வைக்க வேண்டும் என்பது பெரியவர்கள் நினைப்பு. சீண்டாமலே சுறா மனிதரைக் கடித்த சம்பவங்கள் உலகம் முழுக்க வருடத்துக்கு 60, 70 அளவில்தான். இறப்பவர்கள் பெரும்பாலும் பத்துக்குள். நாம் கொல்கிற சுறாக்கள் வருடத்துக்குச் சுமார் 10 கோடி என்று 2013இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. சுறா, திருக்கை வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிவின் பாதையில் இருப்பதாக 2021இல் முடிந்த உலகளாவிய ஆய்வு சொன்னது. மத்தி மாதிரி ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுத் தள்ளுகிற சாதி இல்லை இது. தாமதமாகப் பருவமடையும், கொஞ்சமாகப் பெறும். பிடித்த இடம் நிரம்ப நாளாகும்.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்த சுறாவுக்கு வருகிறேன். புதுச்சேரிச் சுறா. பார்வைக்கு ஒன்றுமே இல்லாத சுறா. ஒரு மீட்டர் நீளம், சாம்பல் நிறம், மார்புத் துடுப்பிலும் இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் வாலின் கீழ் நுனியிலும் கறுப்பு. கறுப்பும் வெள்ளையும் கலந்தால் வேலை முடிந்தது, வேறு டப்பாவே திறக்க வேண்டாம். புதுச்சேரியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு ஜெர்மானியர்களான முல்லரும் ஹென்லேயும் 1839இல் இதை உலகுக்கு எழுதினார்கள். உயிரியல் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்: சிறுநீரகப் பாடத்தில் "ஹென்லே வளைவு" நடத்துகிறீர்களே, அதே ஹென்லேதான். அதன் பிறகு உலக அருங்காட்சியகங்களில் சேர்ந்தவை எல்லாம் சேர்த்து இருபதைத் தாண்டவில்லை. உறுதியாக ஏற்கப்பட்ட கடைசிப் பதிவு 1979. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் இன்று அதன் பெயருக்கு எதிரே "மிக ஆபத்தான நிலை, அழிந்திருக்கவும் கூடும்" என்று போட்டிருக்கிறது.

நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்கலாம். நந்தி மலையில் புறப்பட்டு, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி, கே.ஆர்.பி. அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர் என்று நம் இரண்டு மாவட்டத்தையும் நனைத்துக்கொண்டு போகிற தென்பெண்ணை, கடலூருக்கு அருகே கடலில் சேர்கிறது. அங்கிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம். நம் ஆற்றுத் தண்ணீர்தான் அந்தச் சுறாவைக் கொன்றது என்றோ வளர்த்தது என்றோ நான் அளக்க மாட்டேன். ஆனால் நம் ஆறு போய் விழுகிற கடலில் இருந்த சுறா அது. கலிஃபோர்னியாச் சுறாவைவிட நம் சுவருக்கு அதற்கு உரிமை அதிகம்.

சட்டமும் அதன் பக்கம் நிற்கிறது. 1972ஆம் வருடத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் திமிங்கிலச் சுறாவையும் புதுச்சேரிச் சுறாவையும் கங்கைச் சுறாவையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்தார்கள். அதாவது பெண்ணாகரம் காட்டு யானைக்கு உள்ள அதே காவல். குஜராத்தில் வெறும் சட்டத்தோடு நிற்கவில்லை. கரைக்கு வருகிற திமிங்கிலச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகப் பாருங்கள் என்று ராமகதை சொல்லும் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார். அதுவரை வேட்டையாடியவர்கள், வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுகிறவர்களாக மாறினார்கள். அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு தருகிறது. தாய்வீட்டுப் பிரசவம் என்றால் என்ன என்று நம் பக்கத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சுறா தின்னாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுக்கிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் வாரச் சந்தையில் சுறா நமக்குத் துண்டாகத்தான் வருகிறது, கருவாடாக. தலை இல்லை, வால் இல்லை, எந்த இனம் என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கு முழுச் சுறா ஒன்றைக் காட்டுகிற இடம் பள்ளிச் சுவர்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லாம் அசல் அளவில் வரைய வேண்டும் என்பது என் ஆசை. திமிங்கிலச் சுறாவை 18 மீட்டருக்குப் போட எந்தப் பள்ளிக் காம்பவுண்டின் உயரமும் போதாது. 30 அடியில் ஓர் இளசு வரையலாம். அதன் வாய் மற்றச் சுறாக்களுக்குப் போல அடியில் வராது, முகத்தின் முன்னால் வரும், பிள்ளைகள் எதிரே நின்று அளந்து பார்க்கட்டும். உடம்புப் புள்ளிகளை ஏனோதானோ என்று வைக்கக்கூடாது. அந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சுறாவுக்கும் தனி. வானத்து நட்சத்திரப் படங்களை ஒப்பிடச் செய்த கணக்கை வைத்துத்தான் ஒவ்வொரு சுறாவையும் அடையாளம் காண்கிறார்கள். உண்மையான படம் ஒன்றைக் கட்டம் போட்டு அப்படியே பெரிதாக்கித் தருகிறேன். பக்கத்தில் வரிக்குதிரைச் சுறா குட்டியும் தாயும், ஒரு கொம்பன், அடியில் மூன்றேகால் அடியில் புதுச்சேரிச் சுறா, மூலையில் அடிக்கோலைவிடச் சிறிய விளக்குச் சுறா. ஒவ்வொன்றுக்கும் கீழே பெயரும் கடலும் மட்டும் எழுதலாம், பொன்மொழி வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சுவரை ஒருமுறை பாருங்கள். ஈரம் ஏறியிருந்தால் பூச்சு வேலை முதலில். பட்டி பார்த்து ப்ரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கூப்பிட்டால் போதும். வெளிப்புற எமல்ஷன் செலவு பள்ளியுடையது. புதுச்சேரிச் சுறாவுக்கு மட்டும் கூலி வாங்க மாட்டேன். இத்தனை படித்த பிறகும் வெள்ளைச் சுறாதான் வேண்டும் என்று குழு முடிவெடுத்தால் அதையும் வரைந்து தருகிறேன், ஐயா. வாயை மூடி வரையச் சம்மதமா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சுவர் ஓவியன் ஒருவன்,
பாலக்கோடு